மண்ணுக்குப் பணம் கிடையாது

கட்டடத்துக்கு வந்த பணத்தை மண்ணுக்குச் செலவழிக்கக் கூடாது. இந்த ஒரு வாக்கியத்தை எத்தனை பேர் வாயிலிருந்து கேட்டிருப்பேன் என்று எனக்கே தெரியாது. பொறியாளர் சொன்னார். வட்டார மருத்துவ அலுவலர் சொன்னார். கணக்குப் பார்க்கும் எழுத்தர் சொன்னார். ஒன்றிய அலுவலகத்தில் டீ வாங்கி வருபவர்கூடச் சொன்னார். மண் இல்லாமல் கட்டடம் எதன் மேல் நிற்கும் என்று நான் கேட்டபோது ஒருவருக்கும் கோபம்கூட வரவில்லை. பாவம், நர்சம்மாவுக்கு விவரம் தெரியவில்லை என்று சிரித்தார்கள். இத்தனை வருஷம் கழித்தும் அந்தச் சிரிப்பை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது.

அப்போது நான் மரக்காணத்தை ஒட்டிய உப்பளத்து ஊர் ஒன்றில் கிராம சுகாதாரச் செவிலியர். ஒரு பக்கம் கழுவெளி என்கிற பெரிய சதுப்பு ஏரி, மறுபக்கம் கண்ணுக்கெட்டிய தூரம் உப்புப் பாத்திகள், நடுவில் ஊர். துணை சுகாதார நிலையம் என்று பலகை மாட்டியிருந்த இடம் ஒரு வாடகை வீட்டின் முன்னறை. ஒரு மேசை, ஒரு பீரோ, எடை பார்க்கும் தராசு, அவ்வளவுதான். தடுப்பூசி போடலாம், மாத்திரை கொடுக்கலாம். பிரசவம் பார்க்க அங்கே வசதி கிடையாது. வேறு வழியில்லாமல் சில பிரசவங்கள் பார்த்திருக்கிறேன். ஒரு நல்ல விஷயம், அந்தத் தெரு மேடு. எத்தனை மழை பெய்தாலும் அந்த அறைக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் வராது.

இந்தக் கதை யாருடையதோ, அவளைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். உப்பளத்தில் வேலை செய்கிறவள். விடிவதற்கு முன்னால் பாத்தியில் இறங்கி, வெயில் ஏறுவதற்குள் உப்பை வாரிக் கூடையில் சுமந்து மேட்டில் கொட்டிவிட்டு வருவாள். வாய் கொஞ்சம் அதிகம். எனக்கும் வாய் அதிகம் என்பதால் எங்களுக்குள் ஒத்துப்போனது. மூத்தது ஒரு பெண். இரண்டாவது பிரசவத்துக்கு வலி எடுத்தது நல்ல மழைக்காலத்தில். மரக்காணத்துக்குப் போகிற வழியில் தரைப்பாலம் மூழ்கிக் கிடந்தது. டிராக்டரில் ஏற்றிக்கொண்டு போனோம். பாலத்துக்கு இந்தப் பக்கமே டிராக்டர் நின்றுவிட்டது. டிரெய்லரிலேயே, தார்ப்பாய்க்கு அடியில், பிள்ளை பிறந்தது. ஆண் பிள்ளை. கொஞ்ச நேரம்தான் மூச்சு இருந்தது. நானும் அந்த டிரெய்லரில்தான் இருந்தேன். அவள் என்னைத் திட்டவில்லை, அழவும் இல்லை. "ஊர்லயே ஒரு எடம் இருந்திருந்தா இது பொழச்சிருக்கும் இல்ல நர்சம்மா?" என்று மட்டும் கேட்டாள். இருந்திருந்தால் பிழைத்திருக்கும். அதுதான் உண்மை. அதை அவளிடம் சொன்னேன்.

அப்புறம் ஆழிப்பேரலை வந்தது. கடலோரக் குப்பங்களில் நடந்ததை நான் இங்கே எழுதப் போவதில்லை, அதை எழுத எனக்குத் தெம்பில்லை. அலை போன பிறகு பணம் வந்தது. எங்கெங்கிருந்தோ வந்தது. கரையோர வட்டாரத்துக்கு ஒதுக்கிய பணத்தில் எங்கள் ஊருக்கும் ஒரு துணை சுகாதார நிலையம், பிரசவ அறையோடு, சொந்தக் கட்டடத்தில் என்று உத்தரவு வந்தது. நான் அதை முதலில் போய்ச் சொன்னது அவளிடம்தான். பாத்தி ஓரமாக நின்று சத்தம் போட்டுச் சொன்னேன். கையில் இருந்த உப்பு வாரும் பலகையைக் கீழே போட்டுவிட்டு வந்தாள்.

"நெஜமாவா? கரண்டு, தண்ணி எல்லாம் இருக்குமா?"

"எல்லாம் இருக்கும்."

"அப்போ அடுத்தத அங்கயே பெத்துக்கலாமா?"

"பெத்துக்கலாம்."

சித்திரையில் நாள் தள்ளிப்போயிருக்கிறது என்று வந்து நின்றாள். கணக்குப் போட்டுப் பார்த்தேன். கார்த்திகை. அதாவது நல்ல மழைக்காலம். பரவாயில்லை, அதற்குள் கட்டி முடித்துவிடுவார்கள் என்று அவளும் நினைத்தாள், நானும் நினைத்தேன். கட்டியும் முடித்தார்கள். அதுதான் இந்தக் கதையில் இருக்கிற அக்கிரமம்.

முதலில் இடம். பஸ் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு மேட்டு மனை இருந்தது. சொந்தக்காரர் புதுச்சேரியில் செட்டிலானவர். ஆஸ்பத்திரிக்கு என்றால் பாதி விலைக்குத் தருகிறேன் என்றார். ஆனால் வந்த பணத்தில் நிலம் வாங்கக் கூடாது. நிலம் ஏற்கெனவே துறையின் பெயரில் இருக்க வேண்டும், அல்லது யாராவது சும்மா எழுதிக் கொடுக்க வேண்டும். பஞ்சாயத்து தன் பணத்தில் வாங்கித் தரலாமா என்றால், அதற்கும் ஒரு வரம்பு, அதற்கு மேல் போனால் கலெக்டர் அனுமதி, அனுமதி வருவதற்குள் கட்டடப் பணம் காலாவதி. உப்பள நிலங்களில் மேடான பகுதிகள் உண்டு, ஆனால் அது மத்திய அரசு நிலம், பக்கத்திலேயே போகக் கூடாது. கடைசியில் சும்மா கிடைத்தது கழுவெளிப் பக்கம் ஒரு புறம்போக்கு. ஊரிலேயே தாழ்ந்த இடம். மாடு கூட அங்கே படுக்காது.

பொறியாளர் இடம் பார்க்க வந்த அன்று நானும் போனேன், பஞ்சாயத்துத் தலைவரும் வந்திருந்தார். பொறியாளர் நல்ல மனுஷர்தான், லஞ்சம் கேட்கிற ஆள் இல்லை. அதனால்தான் அவரிடம் எனக்குக் கோபம் கூடுதல்.

"சார், இது பள்ளம். மழைக்கு முழங்காலளவு தண்ணி நிக்கும்" என்றேன்.

"தெரியுதும்மா. பாத்தாலே தெரியுது."

"அப்போ மண்ணடிச்சுட்டுக் கட்டுங்க. இடையஞ்சாவடிப் பக்கம் நல்ல செம்மண் இருக்குது. லாரில கொண்டாந்து கொட்டுனா போதும்."

"மண்ணடிக்கிறது நில மேம்பாடு. நமக்கு வந்திருக்கறது கட்டடப் பணம். அத மண்ணுக்குப் போட்டா ஆடிட்ல என் தலதான் உருளும்."

"பேஸ்மட்டத்தையாவது ஒசத்துங்க."

"எல்லா ஊருக்கும் ஒரே டைப் டிசைன், அதுல பேஸ்மட்டம் இவ்ளோதான். ஒசத்துனா எஸ்டிமேட் லிமிட்ட தாண்டிடும். தாண்டுனா ஃபைலு மெட்ராஸ் போவும். திரும்பி வர்றதுக்குள்ள மார்ச் முடிஞ்சு பணமே போயிடும். உங்களுக்குக் கட்டடம் வேணுமா, வேணாமா?"

வேண்டும் என்றுதான் சொன்னோம்.

இந்த விதி எதற்காக வந்தது என்று எனக்குத் தெரியாமல் இல்லை. மண்ணில்தான் திருடுவது சுலபம். கொட்டிய பிறகு எத்தனை லாரி என்று யார் தோண்டிப் பார்ப்பது? எங்கோ எவனோ ஒரு குட்டையைத் தூர்த்ததாகப் பொய்க் கணக்கு எழுதிப் பணம் தின்றிருப்பான். அவனைப் பிடிப்பதற்குப் பதிலாக ஊரில் உள்ள எல்லாப் பள்ளத்துக்கும் சேர்த்து மண்ணே போடக் கூடாது என்று எழுதிவைத்துவிட்டார்கள். திருடுகிறவன் இதனால் ஒன்றும் பட்டினி கிடக்கவில்லை. அவன் சிமென்ட்டில் திருடிக்கொண்டான், கம்பியில் திருடிக்கொண்டான். நேர்மையான ஆள்தான் கையைக் கட்டிக்கொண்டு பள்ளத்தில் கட்டடம் கட்டினான்.

பொறியாளர் ஜீப்பில் ஏறும்போது தலைவரிடம் போகிற போக்கில் ஒன்று சொன்னார். "ஊர்க்காரங்களா சேந்து மண்ணு போட்டுக்கிட்டா எனக்கு அப்ஜெக்‌ஷன் இல்ல. பேப்பர்ல வராது, அவ்ளோதான்."

தலைவர் அதைக் கோயிலடியில் வைத்துப் பேசினார். நம்ம ஊர்ப் பிள்ளைகள் பிறக்கிற இடம், நாமே போட்டுக்கொள்வோம் என்றார். யாரும் மறுப்புச் சொல்லவில்லை. செம்மண் லாரிக்கு யாரிடமும் வழியில்லை. ஆனால் மண்வெட்டி இருந்தது, கூடை இருந்தது, கால் இருந்தது. உப்பளத்து ஓரத்தில் வாரிப் போட்ட களிமண் மேடு மேடாகக் கிடந்தது. அதைச் சுமந்து கொண்டுவந்து கொட்ட ஆரம்பித்தார்கள். உப்பு வேலை முடிந்து, சாப்பிட்டு, கொஞ்ச நேரம் கண்ணயர்ந்துவிட்டு, சாயங்கால வெயிலில் வருவார்கள். கூலி கிடையாது. கூலி வேண்டும் என்று ஒருவரும் கேட்கவும் இல்லை.

கொட்டிய பிறகு மிதித்தார்கள். உப்பளத்து வேலை பார்க்காதவர்களுக்காக இதைச் சொல்ல வேண்டும். மழைக்காலம் முடிந்து தை பிறந்ததும் பாத்திகளைத் தயார் செய்வார்கள். களிமண்ணில் லேசாகத் தண்ணீர் தெளித்து, வரிசையாக நின்று, ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு காலால் மிதிப்பார்கள். மறுநாளும் மிதிப்பார்கள். அதற்கு மறுநாளும். தரை கல் மாதிரி இறுகி, ஊற்றிய உப்புத் தண்ணீரில் ஒரு சொட்டுக்கூடக் கீழே இறங்காமல் நிற்கும்வரை மிதிப்பார்கள். தண்ணீர் இறங்கினால் உப்பு விளையாது. ஆகவே நல்ல தரை என்றால் அவர்கள் கால்களுக்குத் தெரிந்த நல்ல தரை அதுதான். அந்த மனையையும் அப்படியே மிதித்தார்கள். மேடு பள்ளம் இல்லாமல் தட்டையாக, ஓரமெல்லாம் இறுக்கி, சுற்றிலும் அழகாக வரப்புப் பிடித்து. கழுவெளித் தண்ணீர் உள்ளே வரக் கூடாதல்லவா, அதற்காக வரப்பு.

அவளும் வந்து மிதித்தாள். நான் போய்க் கத்தினேன்.

"வயித்துல புள்ளய வெச்சிக்கிட்டு என்னா வேல இது? எறங்கு கீழ!"

"என் புள்ள பொறக்கப்போற எடம் நர்சம்மா. நான் மிதிக்காம வேற யாரு மிதிப்பா? நீ போய் ஊசி போடு போ."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டுத்தான் வந்தேன்.

வேலை முடிந்து பொறியாளர் வந்து பார்த்தார். பூட்ஸ் குதிகாலால் தரையை இரண்டு தட்டுத் தட்டினார். "ஃபர்ஸ்ட் கிளாஸ். ரோலர் போட்டாகூட இப்படி வராது" என்றார். நான் நர்ஸ். எனக்கு ரத்தம் தெரியும், ரத்த அழுத்தம் தெரியும். மண்ணைப் படித்தவர் அவர். தண்ணீர் இறங்காத தரையில், சுற்றி வரப்புக் கட்டிய தரையில், பெய்கிற மழை எங்கே போகும் என்று அவர் படிப்பு அவருக்குச் சொல்லவில்லையா? சொல்லியிருக்கும். ஆனால் அந்த மண் அவர் ஃபைலில் இல்லை. ஃபைலில் இல்லாத மண்ணைப் பற்றி அவர் ஏன் யோசிக்க வேண்டும்?

ஒப்பந்தக்காரர் வந்தார், கட்டினார். சுற்றுச்சுவர் கட்டடக் கணக்கில் வருமாம், அதற்குப் பணம் இருந்தது. ஊர்க்காரர்கள் போட்ட வரப்பின் மேலேயே சுவரை எழுப்பினார்கள். சுவரின் அடியில் தண்ணீர் போக வழி விடுங்கள் என்று எவரும் சொல்லவில்லை, வரைபடத்தில் அது இல்லை. புரட்டாசியில் திறப்பு விழா. ரிப்பன், மாலை, ஒலிபெருக்கி. ஊர்க்காரர்களின் உழைப்பை மேடையில் பாராட்டினார்கள். அவள் பெரிய வயிற்றோடு கூட்டத்தில் நின்று கைதட்டினாள். விழா முடிந்ததும் உள்ளே வந்து பிரசவ மேசையைத் தொட்டுப் பார்த்தாள், சுவிட்சைப் போட்டு விளக்கு எரிகிறதா என்று பார்த்தாள், குழாயைத் திறந்து பார்த்தாள். குழாயில் தண்ணீர் வந்தது. "வருது நர்சம்மா" என்றாள். அப்போது அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

அந்த மாதமே வாடகை அறைக்குப் பணம் நின்றுபோனது. சொந்தக் கட்டடம் இருக்கும்போது வாடகை போட்டால் இரட்டைச் செலவு என்று எழுத்தர் சொன்னார். மழை முடிகிறவரை மட்டும் அந்த அறையை வைத்துக்கொள்கிறேன் என்று கேட்டேன். புதுக்கட்டடச் சுவரில் ஏறுகிற ஈரம் காயவில்லை, கொஞ்ச நாள் பார்க்கலாம் என்று கெஞ்சினேன்.

"ரூல்ல எடமில்லம்மா. நாளைக்கு ஆடிட்ல கேட்டா நீங்களா வந்து பதில் சொல்வீங்க?"

அறையைக் காலி செய்தோம். அதை யார் எடுத்தார்கள் தெரியுமா? எங்கள் கட்டடத்தைக் கட்டிய அதே ஒப்பந்தக்காரர். அடுத்த ஊர் வேலைக்குச் சிமென்ட் மூட்டை அடுக்கிவைக்க. சிமென்ட் நனையக் கூடாதல்லவா, மேட்டுத் தெருவாகப் பார்த்துப் பிடித்தார். பூட்டிவிட்டுச் சாவியைத் திண்டிவனத்துக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

ஐப்பசியில் முதல் மழை பெய்தது. மறுநாள் காலையில் போய்ப் பார்த்தால் சுவருக்குள் கணுக்கால் அளவு தண்ணீர். வெளியே மழைத்தண்ணீர் ஓடிப்போயிருந்தது, உள்ளே மட்டும் நின்றது. மதியம்வரை வெயில் அடித்தும் குறையவில்லை. உப்பளத்து ஆட்கள் சிலர் வந்து நின்றார்கள். அவர்களில் ஒருவன் குனிந்து தண்ணீருக்குள் கையை விட்டுத் தரையைத் தடவிப் பார்த்தான். "பாத்தி ஆயிடுச்சு" என்றான். மற்றவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

பொறியாளருக்கு போன் போட்டேன். சுவரில் ஒரு ஓட்டை போட்டால் போதும், தண்ணீர் வடிந்துவிடும், அனுமதி கொடுங்கள் என்றேன்.

"அது கவர்மெண்ட் சொத்தும்மா. நீங்களா ஒடச்சா கேஸ் ஆயிடும். ஓட்ட போடறதுக்கும் எஸ்டிமேட் வேணும். புதுக்கட்டடத்துக்கு மூணு வருஷத்துக்கு ரிப்பேர் செலவு போட முடியாது."

"அப்போ தண்ணிய என்னா பண்றது?"

"எறச்சு ஊத்தச் சொல்லுங்க."

தலைவரும் கேஸ் என்றதும் பயந்துவிட்டார். சுவரில் யாரும் கை வைக்காதீர்கள் என்று ஊரில் சொல்லிவிட்டார். ஊர்ப் பெண்கள் வாளி எடுத்துவந்து இறைத்தார்கள். இறைத்துவிட்டுப் போனதும் மறுபடி மழை பெய்தது.

கார்த்திகையில் ஒரு நாள் விடாமல் கொட்டியது. பகல் பொழுதே இருட்டிக் கிடந்தது. மதியத்துக்குக் கொஞ்சம் முன்னால் அவளுக்கு வலி கண்டுவிட்டது என்று ஆள் வந்தது. நான் நிலையத்துக்கு ஓடினேன். சுவருக்குள் தண்ணீர் படியைத் தாண்டி உள்ளே ஏறியிருந்தது. பிரசவ அறைக்குள் முழங்காலளவு. மேசையின் கால்கள் தண்ணீருக்குள். பீரோவின் கீழ்த்தட்டில் வைத்திருந்த பஞ்சும் துணியும் மிதந்தன. கரண்டு இல்லை, இருந்திருந்தாலும் ஈரச் சுவரில் சுவிட்சைத் தொட நான் என்ன பைத்தியமா? கைக்கு எட்டிய உயரத்தில் வைத்திருந்த பிரசவப் பையை மட்டும் எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். அழுகை வரவில்லை. யாரையாவது அடிக்க வேண்டும் போல இருந்தது.

தரைப்பாலம் மூழ்கிவிட்டது என்றார்கள். அவள் வீட்டுக்குள்ளும் தண்ணீர். பழைய வாடகை அறைக்கு ஓடினால் பூட்டு. ஜன்னல் வழியாகப் பார்த்தேன், சிமென்ட் மூட்டைகள் உலர்ந்த தரையில் வரிசையாகப் படுத்திருந்தன. பூட்டை உடைக்கக் கல்லை எடுத்துக்கொண்டு வருவதற்குள் அவளைக் கயிற்றுக் கட்டிலில் தூக்கிக்கொண்டு பெண்கள் வேறு பக்கம் போய்க்கொண்டிருந்தார்கள். "உப்பு மேட்டுக்கு நர்சம்மா, உப்பு மேட்டுக்கு!" என்று கத்தினார்கள்.

அந்த ஊரில் மழைக்குத் தண்ணீர் ஏறாத இன்னொரு இடமும் உண்டு. வாரிய உப்பைக் குவித்துவைக்கிற மேடு. செம்மண் கொட்டி, உயர்த்தி, ஓரம் சரித்துத் தண்ணீர் வடிய வழிசெய்து, மேலே ஒரு கொட்டகையும் போட்டிருப்பார்கள். உப்பு கரைந்துவிடும் அல்லவா? உப்பளத்தைக் குத்தகைக்கு எடுத்திருந்த முதலாளிக்கு அது தெரியும். அவருக்கு மண்ணுக்குப் பணம் இருந்தது.

அந்தக் கொட்டகையில், சாக்கு மூட்டைகளைப் பரப்பி அவளைப் படுக்கவைத்தோம். பக்கவாட்டில் சாரல் அடித்தது. உப்பள மேஸ்திரி ஒரு முறை என்னைப் பார்த்தார், ஒரு முறை உப்புக் குவியலைப் பார்த்தார். பிறகு குவியலின் மேல் போட்டிருந்த தார்ப்பாயை உருவிக்கொண்டு வந்து எங்களைச் சுற்றிக் கட்டிவிட்டு அந்தப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். வெளியே உப்பு கரைவதை நான் பார்த்தேன். தார்ப்பாயைப் பார்த்ததும் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அன்னிக்கு மாதிரியே ஆயிடுச்சே நர்சம்மா."

"ஆவாது."

"எடம் இருக்குதுன்னு சொன்னியே."

முக்கு என்றேன். முக்கு, முக்கு என்று அவளை அதட்டினேன்.

பிள்ளை வந்தது. பெண். வந்ததும் அழவில்லை. நீலமாக, துவண்டு கிடந்தது. வாயைத் துடைத்து, முதுகைத் தேய்த்து, உள்ளங்காலைச் சுண்டி, மறுபடி தேய்த்து... அந்த நேரத்தில் என் மனதில் சாமி இல்லை. விதி, எஸ்டிமேட், லிமிட், ரூல்ல எடமில்லம்மா, இதுதான் ஓடிக்கொண்டிருந்தது. ஒவ்வொன்றுக்கும் ஒரு தேய்ப்பு தேய்த்தேன். கடைசியில் அது வாயைத் திறந்து கத்தியது. சுற்றி நின்ற பெண்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் அழுதார்கள். மேஸ்திரி திரும்பாமலே, "என்னா புள்ள?" என்று கேட்டார்.

அவளும் பிழைத்தாள், பிள்ளையும் பிழைத்தது. இதோடு முடிந்திருந்தால் நான் மறந்திருப்பேனோ என்னவோ. ஆனால் அரசாங்கம் விடவில்லை. சொந்தக் கட்டடத்தில் பிரசவ அறை இருக்கும்போது வெளியிடத்தில் பிரசவம் பார்த்தது ஏன் என்று எனக்கு விளக்கம் கேட்டு மெமோ வந்தது. அங்கே தண்ணீர் இருந்தது என்று ஒரு வரி எழுதி அனுப்பினேன். தண்ணீர் எப்படி வந்தது என்று பார்க்க, மழையெல்லாம் ஓய்ந்து, தை பிறந்த பிறகு வந்தார்கள். மேலதிகாரி ஒருவர், வட்டார மருத்துவ அலுவலர், நம் பொறியாளர், தலைவர்.

வெளியே தரை காய்ந்து வெடித்துக் கிடந்தது. சுவருக்குள் இன்னும் தண்ணீர். ஓரமெல்லாம் வெள்ளையாக உப்புப் படிந்திருந்தது. கட்டடச் சுவரிலும் இடுப்பளவுக்கு உப்புப் பூத்துப் பூச்சு உதிர்ந்திருந்தது. ஊர் ஜனம் கூடிவிட்டது. அவளும் பிள்ளையைத் தோளில் சாய்த்துக்கொண்டு முன்னால் வந்து நின்றாள்.

மேலதிகாரி பொறியாளரைப் பார்த்தார். "என்ன சார் இது?"

பொறியாளர் வாய் கூசாமல் சொன்னார். "கட்டடம் எஸ்டிமேட் படி கரெக்டா இருக்குது சார். தரைதான் பிரச்சன. தரைய நாங்க போடல. ஊர்க்காரங்களா போட்டது. டெக்னிக்கலா தெரியாம மிதிச்சு, தண்ணி எறங்காம பண்ணிட்டாங்க."

ஃபர்ஸ்ட் கிளாஸ் என்று பூட்ஸ் காலால் தட்டிய அதே ஆள். நான் வாயைத் திறந்தேன். என்னவெல்லாம் சொன்னேன் என்று எனக்கு முழுதாக நினைவில்லை. வட்டார மருத்துவ அலுவலர் என் கையைப் பிடித்து இழுத்தது நினைவிருக்கிறது. மேலதிகாரி ஃபைலைப் பார்த்தார். மண் பற்றி அதில் ஒன்றும் இல்லை. "இப்போதைக்கு இதுல செலவு எதுவும் பண்ண முடியாது. பாக்கலாம்" என்றார்.

அவள் என் பக்கம் திரும்பினாள். "நாங்க மிதிச்சதுதான் தப்பா நர்சம்மா?"

அந்தக் குரலை நான் அதற்கு முன்னால் கேட்டதில்லை. டிராக்டரில்கூட அவள் அப்படிக் கேட்கவில்லை. இல்லை, உன் மேல் தப்பில்லை என்றேன். அவள் அதைக் கேட்டதாகத் தெரியவில்லை. பிள்ளையை என் கையில் கொடுத்துவிட்டு விறுவிறுவென்று உப்பளத்துப் பக்கம் நடந்தாள். பாத்தி மிதிக்கிற நாட்கள் அவை, ஆட்கள் எல்லாம் பக்கத்திலேயே இருந்தார்கள். திரும்பி வரும்போது அவள் கையில் கடப்பாரை இருந்தது. பின்னால் மண்வெட்டிகளோடு பத்துப் பதினைந்து பெண்கள்.

கழுவெளிப் பக்கத்துச் சுவரின் அடியில் குத்தினாள். செங்கல் பெயர்ந்தது. மற்றவர்கள் வரப்பை வெட்டினார்கள். பொறியாளர் கையை ஆட்டிக்கொண்டு ஓடினார்.

"ஏம்மா, ஏம்மா! யாரக் கேட்டு ஒடைக்கிறீங்க? இது கவர்மெண்ட் சொத்து!"

அவள் கடப்பாரையை ஊன்றி நின்று மூச்சு வாங்கினாள். "மிதிச்சப்ப யாரக் கேட்டு மிதிக்கிறீங்கன்னு நீங்க கேக்கலியே சார்?"

பொறியாளர் மேலதிகாரியைப் பார்த்தார். மேலதிகாரி தலைவரைப் பார்த்தார். தலைவர் தரையைப் பார்த்தார். அவள் மறுபடி குத்தினாள். ஓட்டை விழுந்தது. உள்ளே நின்ற அத்தனை தண்ணீரும் சலசலவென்று கழுவெளிக்கு ஓடியது. டீ ஆறுகிற நேரம்கூட ஆகவில்லை. இரண்டு மாதம் அதை வாளியால் இறைத்திருந்தோம்.

கேஸ் ஒன்றும் போடவில்லை. போட்டால் மண் எப்படி வந்தது என்று எழுத வேண்டியிருக்கும். ஓட்டையையும் அடைக்கவில்லை, புதுக்கட்டடத்துக்கு ரிப்பேர் செலவு போட முடியாதே. அதற்கடுத்த மழைக்குத் தண்ணீர் நிற்கவில்லை. உப்புப் பூத்த சுவர்களுக்கு நடுவில், உதிர்கிற பூச்சுக்குக் கீழே, நான் பிரசவம் பார்த்தேன். அந்த ரிப்பேர் விதியே கடைசியில் உங்களுக்கு உதவி செய்துவிட்டது பாருங்கள் என்று பிற்பாடு ஒரு அதிகாரி என்னிடம் சொல்லிச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நாலு லாரி செம்மண்ணில் முடிந்திருக்க வேண்டிய காரியத்துக்கு ஒரு பச்சைப் பிள்ளை நீலமாகக் கிடந்தது என்று சொன்னேன். அவர் சிரிப்பதை நிறுத்திவிட்டு, வேறு ஏதோ பேசினார்.

அவள் பிள்ளைக்குத் தடுப்பூசி போட மாதாமாதம் வந்தாள். அந்த மனைக்குள் மட்டும் கால் வைக்கவில்லை. கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டு என்னைக் கூப்பிடுவாள், நான்தான் ஊசியை எடுத்துக்கொண்டு வெளியே போவேன். உள்ளே வா, தரை நன்றாகத்தான் இருக்கிறது என்று எத்தனையோ முறை சொல்லிவிட்டேன். "வேணாம் நர்சம்மா. நாங்க மிதிச்ச தர" என்பாள். தப்பு உன்னுடையதில்லை என்று நான் சொன்னால் போதாது. அதைச் சொல்ல வேண்டியவர்கள் ஒருவர்கூட, நான் அந்த ஊரை விட்டு மாற்றலாகிப் போகும்வரை, அவளிடம் வந்து சொல்லவில்லை.